சாயப் புள்ளி

தாடிக்கொம்பு தாண்டி, குடகனாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இறங்குகிற மண்பாதையில் நின்று பெலிக்ஸ் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. முயல்காரர் வீடு என்று கேட்டால் கை காட்டுவார்கள். முருங்கைத் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீடு. வாசலில் அன்னை மாதாவுக்குச் சின்னக் கெபி, அதற்குப் பக்கத்தில் பழைய டிவிஎஸ் வண்டி. பின்னால் தென்னங்கீற்றும் தார்ப்பாயும் வேய்ந்த நீளக் கொட்டகை. அதற்குள் இரண்டு அடுக்காகக் கம்பிக் கூண்டுகள்.

பெலிக்ஸ் நூல் மில்லில் ஷிப்டு பார்த்தவன். ஆள் குறைத்தபோது வெளியே வந்தான். கொஞ்ச நாள் வாடகை வேன் ஓட்டினான். அது தோதுப்படாமல் போகவே, செல்போனில் வீடியோ பார்த்து முயலுக்கு வந்தான். முதலில் கறிக்குப் போகிற வெள்ளை முயல். அப்புறம்தான் இந்த ஜெர்மன் புள்ளி. கறிக்கு இல்லை, அழகுக்கு வளர்க்கிறது. வெள்ளை உடம்பு. மூக்கில் சிறகு விரித்த பட்டாம்பூச்சியைப் போலக் கறுப்பு. கண்ணைச் சுற்றி வளையம், கன்னத்துக்கொரு பொட்டு, காது இரண்டும் முழுக் கறுப்பு. பிடரியிலிருந்து வால்வரை முதுகெலும்பின் மேலேயே ஒரு கோடு. விலாவில் சிதறினாற்போலப் புள்ளிகள். ஒன்றின் புள்ளி இன்னொன்றுக்கு வராது. வாட்சப்பில் படம் போட்டால் திருச்சியிலிருந்துகூடக் கேட்டார்கள்.

இரண்டு பக்கமும் புள்ளியாக இருந்தால் குட்டி எல்லாமே புள்ளியாகப் பிறக்கும் என்று பெலிக்ஸ் நினைத்தான். பிறக்கவில்லை. பாதிதான் புள்ளி. மிச்சத்தில் சிலது முழுக் கறுப்பு, சிலது வெளுப்பு. வெளுப்பு என்றால் சுத்த வெள்ளை இல்லை. மூக்கடியில் மீசை அரும்பினாற்போல ஒரு தீற்றல், கண்ணோரம் கொஞ்சம், காது நுனியில் கொஞ்சம், அவ்வளவுதான். இந்த வெளுப்புக் குட்டிகள் பால் குடிக்கிறவரை மற்றதோடு சேர்ந்து நன்றாகத்தான் குதித்துக்கொண்டிருக்கும். இலை கடிக்கத் தொடங்கியபின் ஒவ்வொன்றாக முதுகெலும்பு தெரிய இளைக்கும். வயிறு மட்டும் உப்பும். புழுக்கை இறங்காது. ஒருநாள் காலையில் கூண்டின் மூலையில் பல்லைக் கடித்தபடி குறுகி உட்கார்ந்திருக்கும். மறுநாள் இருக்காது.

திண்டுக்கல் கால்நடை டாக்டர் ஒருவர் பெலிக்ஸிடம் விளக்கமாகச் சொன்னார். "புள்ளியோட புள்ளியச் சேக்காதப்பா. ஒரு பக்கம் முழுக் கறுப்பு இருக்கணும். அப்பப் பாதி புள்ளி, பாதி கறுப்பா வரும், வெளுப்பு வராது. அந்த வெளுப்புக்குப் பிறவியிலயே குடல் வேலை செய்யாது. மருந்து கெடையாது."

"கறுப்ப எவன் வாங்குவான் சார்?" என்று கேட்டுவிட்டு வந்தான் பெலிக்ஸ்.

சாயம் பூசுகிற யோசனை யாருக்கு முதலில் வந்தது என்று இப்போது கேட்டால் இருவருமே சரியாகச் சொல்லமாட்டார்கள். பெலிக்ஸின் மனைவி மரியசெல்வி கல்யாண வீடுகளுக்கு மெகந்தி போடப் போகிறவள். மேட்டுப்பட்டியிலிருந்து சின்னாளப்பட்டிவரை பெண்ணழைப்புக்கு அவளைக் கூப்பிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவள் மெகந்திக் கோன் சுருட்டிக்கொண்டிருந்தபோது, "இந்த வெளுப்புக்கு ஒரு கண்ணு வரைஞ்சு விடேன், சும்மா பாப்போம்" என்று பெலிக்ஸ் ஒரு குட்டியைக் கொண்டுவந்து மடியில் விட்டான். கடையில் பாக்கெட்டாக விற்கிற தலைச்சாயப் பொடியைக் குழைத்துக் கோனில் அடைத்து வரைந்தாள். மகள் ஷைனி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ந்ததும் துடைத்தால் பிறவிப் புள்ளி மாதிரியே இருந்தது. அந்தக் குட்டியை அந்த வாரமே ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போனார். பிறகு கறுப்பில் ஆண் முயலாக ஒரு கடா வாங்குகிற பேச்சே வீட்டில் எழவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி முழுக்க அடைமழை. கல்லறைத் திருநாளுக்குச் சமாதியில் வைத்த மெழுகுவத்தி ஒன்றுகூட நின்று எரியவில்லை. ஈர இலை போட்டால் நல்ல முயலுக்கே வயிறு உப்பும் என்பதால் மரியசெல்வி வேலிமசால் தழையை அறுத்துவந்து கூடத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். சோற்றுப்பானை கொதிக்கிற வாசனையும் பச்சிலை வாடுகிற வாசனையும் முயல் மூத்திர நெடியும் கலந்து வீடு முழுக்க நின்றது. அப்படி ஒரு காலை, பெலிக்ஸ் தீவன மூட்டை எடுக்கத் திண்டுக்கல் போயிருந்த நேரம், வாசலில் ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு நின்றாள். இருபத்தைந்துக்குள் இருக்கும். தோளில் கட்டைப்பை. புடவையின் கொசுவம் முழங்கால்வரை நனைந்திருந்தது.

"முயலு குடுக்குற வீடு இதானக்கா?"

"ஆமாம்மா. அவரு வெளிய போயிருக்காரு. உள்ள வா, நனையாத."

வந்தவள் உட்காரவில்லை. பையைத் தரையில் வைத்து, அதிலிருந்து பழைய துண்டு சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தாள். முயல் விறைத்துக் கிடந்தது.

"ஒட்டன்சத்திரம் வரைக்கும் மூச்சு இருந்துச்சுக்கா. பஸ்ஸுலயே போயிருச்சு."

மரியசெல்வி குனிந்து பார்த்தாள். பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. இடது கன்னத்துப் பொட்டு வரையும்போது குட்டி தலையை ஆட்டியதில் கோன் வழுக்கி, பொட்டுக்குக் கீழே வால் மாதிரி ஒரு சொட்டு இழுத்துவிட்டது. அதைத் துடைக்க முடியாமல் அப்படியே விட்டிருந்தாள். முதுகுக் கோட்டின் அடியில் இப்போது வெள்ளை மயிர் முளைத்து வந்திருந்தது.

"எந்த ஊருமா நீ?"

"நெய்க்காரப்பட்டிக்கா, பழனிக்கு அங்கிட்டு. பொறந்தது கொடைரோடு. பேரு தமிழ்மதி. எங்க வீட்டுக்காரரு, பழனிக்குமாருன்னு, அவருதான் ஆவணியில வந்து வாங்கிட்டுப் போனாரு. அம்மா வீட்டுக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்துருக்கேன்."

மரியசெல்வி சுடுதண்ணீரும் துண்டும் கொண்டுவந்து கொடுத்தாள். தமிழ்மதி கையைக் கழுவிவிட்டு, சுவரோரம் உட்கார்ந்தாள். மழை ஓட்டிலிருந்து சரம் சரமாக இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள்.

"ரெண்டு தடவ எனக்குத் தங்கலக்கா. ரெண்டாவது அஞ்சு மாசத்துல போச்சு. ஆஸ்பத்திரியில இருந்து வந்து சும்மா படுத்தே கெடந்தேன். அதப் பாத்துட்டுத்தான் அவரு முயலு வாங்கியாந்தாரு. மொட்டுன்னு பேரு வச்சேன். எங்க அத்த அதக் கையில வாங்கிப் பாத்துட்டு, சரி, இதையாச்சும் காப்பாத்துறாளான்னு பாக்கலாம்னு சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு."



"அதுக்கு முன்னாடி நான் ஒற ஊத்துன பாலு தோயல, நான் வச்ச கத்திரி நாத்து பிடிக்கலன்னு பேச்சு ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. உன்ற கை சரியில்லம்பாங்க. முயலு வந்தபெறகு கொஞ்சம் நின்னுச்சு. நல்லாத்தான் வளந்துச்சுக்கா. மடியில ஏறிப் படுத்துக்கும். போன வாரம் முதுகுல கறுப்புக்கு அடியில வெளுத்துக்கிட்டு வந்துச்சு. என்னமோ நோவுன்னு மஞ்சள் கொழச்சுப் பூசுனேன். அப்பறம் வயிறு உப்பிருச்சு. ஓமத்தண்ணி குடுத்தேன். நான் எதுவும் ஈர எலை போடலக்கா. சத்தியமாப் போடல."

"நீ ஒண்ணும் செய்யலம்மா."

"இல்லக்கா, எதோ செஞ்சிருக்கேன். இல்லன்னா ஏன் சாவுது?" என்றவள், முழங்காலைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். "அதனாலதான் வந்தேன். எனக்கு இதே மாதிரி ஒண்ணு வேணும். இதே வயசு, இதே புள்ளி. அவங்களுக்குத் தெரியக் கூடாது. கன்னத்துல இந்தக் கண்ணீர் மாதிரி இருக்குல்ல, அத எங்க அத்த வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காட்டிருக்காங்க. அது கண்டிப்பா இருக்கணும். எதுக்கும் கூடப்பொறந்தது ஒண்ணு இருக்குமான்னு கேக்க வந்தேன்."

மரியசெல்வி எழுந்துபோய் அடுப்பைத் தணித்தாள். பானையைத் திறந்து பார்த்து மூடினாள். அப்புறம் வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"தமிழ்மதி, நான் ஒண்ணு சொல்லுவேன். கோவப்பட்டாலும் படு. இதுக்கு நீ காரணமில்ல. இது சாகத்தான் பொறந்துச்சு. புள்ளியும் புள்ளியும் சேந்தா இப்படி வெளுப்பாச் சிலது பொறக்கும். அதுகளுக்குக் கொடலு சரியிருக்காது. யாரு வளத்தாலும் தங்காது, நான் வளத்தாலும் தங்காது. வெளுப்ப யாரும் வாங்க மாட்டாங்கன்னு நாங்க சாயம் பூசித்தான் குடுக்குறோம். அந்தக் கண்ணீரு, என் கை வழுக்கி விழுந்தது."

தமிழ்மதி துண்டில் கிடந்ததை எடுத்து, கன்னத்து மயிரை விரலால் விலக்கிப் பார்த்தாள். அடியில் வெள்ளை. முதுகில் விலக்கிப் பார்த்தாள். காதைத் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், அழுவாள் என்று மரியசெல்வி காத்திருந்தாள்.

"அப்ப இதே மாதிரி இன்னொண்ணு வரைய முடியும்ல?" என்று கேட்டாள் தமிழ்மதி.

அந்தச் சமயத்தில்தான் பெலிக்ஸ் வண்டியில் தீவன மூட்டையோடு வந்து இறங்கினான். கூடத்தில் கிடந்ததைப் பார்த்தான், இருவர் முகத்தையும் பார்த்தான். மூட்டையை உள்ளே போட்டுவிட்டு மனைவியை அடுப்படிக்குக் கூப்பிட்டான்.

"என்ன சொன்ன அந்தப் பிள்ளைகிட்ட?"

"உள்ளதச் சொன்னேன்."

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? நாளைக்கே குரூப்புல போட்டுருவாங்க. ஊருல தல காட்ட முடியுமா? கோயில் கமிட்டியில எம்பேரு இருக்கு."

"அவ அதப் போட வரல. இன்னொண்ணு கேக்குறா."

பெலிக்ஸ் மூச்சு விட்டான். "அப்பக் குடுத்து அனுப்பு. காசு ஒண்ணும் வாங்க வேணாம்."

"அது ஒரு மாசமோ ஒன்றரை மாசமோ. அதுவும் போயிருமே."

"அப்ப நல்ல புள்ளியே ஒண்ணு தூக்கிக் குடு. எனக்கென்ன?"

கூடத்திலிருந்து தமிழ்மதி சொன்னாள், "நல்லது வேணாம்ண்ணே. அதுக்குப் புள்ளி வேற மாதிரி இருக்கும். எங்க அத்தைக்கு ஒத்தப் பார்வை போதும்."

அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. இருவரும் வெளியே வந்தார்கள்.

"நான் வேணா உங்கூட வாரேன்" என்றாள் மரியசெல்வி. "உங்க அத்தகிட்ட நானே சொல்றேன். தப்பு எங்க மேலதான்னு."

"நம்ப மாட்டாங்கக்கா. நான் உங்கள வெலைக்கு வாங்கியாந்துட்டேன்னு சொல்லுவாங்க. எனக்குக் கொஞ்ச நாள் வேணும். தையில ஒரு டாக்டரப் பாக்கப் போறோம். அதுவரைக்கும் வீட்டுல சத்தமில்லாம இருந்தாப் போதும்."

கொட்டகையில் வெளுப்புக் குட்டிகள் சிலது இருந்தன. அதில் கொஞ்சம் கொழுகொழுப்பாக இருந்த ஒன்றைப் பெலிக்ஸ் பிடித்துவந்தான். தமிழ்மதி அதைப் பிடரியிலும் பின்காலிலும் பிடித்துக்கொள்ள, செத்ததைப் பக்கத்தில் பலகையில் வைத்துப் பார்த்துப் பார்த்து மரியசெல்வி வரைந்தாள். மூக்கில் சிறகு. கண்ணில் வளையம். முதுகில் கோடு. விலாப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்துக்கொண்டார்கள். கன்னத்துச் சொட்டை வேண்டுமென்றே இழுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. தானாக வழுக்கியபோது வந்த வளைவு, தெரிந்து இழுக்கும்போது வரவில்லை. இரண்டு தடவை துடைத்துவிட்டு வரைந்தாள்.

சாயம் காய்கிறவரை மரியசெல்வி சோறு போட்டாள். பருப்புக் குழம்பு, வெஞ்சனத்துக்கு முருங்கைக்கீரை. தமிழ்மதி தலையைக் குனிந்தபடி சாப்பிட்டாள். செத்த முயலைப் பெலிக்ஸ் முருங்கைத் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்தான். அவள் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. கிளம்பும்போது கட்டைப்பைக்குள் புதிய குட்டியை வைத்து, அதன் காதைத் தடவி, "மொட்டு" என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள்.

கார்த்திகை நடுவில் தமிழ்மதியிடமிருந்து போன் வந்தது. வாய்க்காலோரம் நின்று பேசுகிறாள் போல. பின்னால் தண்ணீர் இரைச்சல். "அக்கா, இதுவும் உப்பிருச்சு" என்றாள். மரியசெல்வி வாயைத் திறப்பதற்குள் யாரோ கூப்பிட, போன் நின்றுவிட்டது. அதன்பிறகு அடித்தால் எடுக்கவில்லை. ஒரு வாரம் பார்த்தாள். கூண்டு கூட்டும்போதும் புழுக்கை அள்ளும்போதும் அவள் காதில் அந்தத் தண்ணீர் இரைச்சல் இருந்துகொண்டே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஷைனியைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வந்து, நல்ல சேலை ஒன்றைக் கட்டினாள்.

"எங்க?" என்றான் பெலிக்ஸ்.

"நெய்க்காரப்பட்டிக்கு."

"போகாத செல்வி. சொன்னாக் கேளு. நீ போயி ஒண்ணும் ஆவப்போறதில்ல."

"தெரியல. போயிட்டு வாரேன்."

பழனிவரை வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மலை முழுக்க மேகம் அடைத்திருந்தது. நெய்க்காரப்பட்டியில் இறங்கி, முகவரி விசாரித்து, கரும்புக் காட்டின் ஓரமாக நடந்தாள். தென்னந்தோப்புக்குள் வீடு. முன்கூடத்தில் மக்காச்சோளக் கதிர் குவித்து, தமிழ்மதியின் மாமியார் சண்முகவள்ளி உட்கார்ந்து உதிர்த்துக்கொண்டிருந்தாள். அகலமான நெற்றியில் திருநீறு. வந்தவளை யாரென்று தெரியாவிட்டாலும் எழுந்து நாற்காலி போட்டாள்.

"வாங்க அம்மணி, உக்காருங்க. எங்கிருந்து வாரீங்க?"

"தாடிக்கொம்புப் பக்கம்மா. உங்க மகனுக்கு முயலு குடுத்த வீடு."

"அட, அந்த முயலா." சண்முகவள்ளியின் கை மறுபடி கதிருக்குப் போனது. "அது போன வாரந்தான் செத்துப் போச்சுங்க. எங்கூட்டு மருமகப் பொண்ணு கை அப்படி. என்ன பண்றது. மதி, காப்பி கொண்டா."

தமிழ்மதி காபி கொண்டுவந்தாள். மரியசெல்வியைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேகமாக உள்ளே போனாள். நிலைக்கு அப்பால் அவள் நிழல் மட்டும் நின்றது. தொழுவத்தில் கன்று கத்தியது.

"கன்னு போட்டு நாலு நாளாச்சுங்க. அவளை அந்தப் பக்கமே விடறதில்ல. பாலு மறத்து வத்திப் போச்சுன்னா என்ன பண்றது?" சண்முகவள்ளியின் குரலில் கோபமே இல்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

மரியசெல்வி காபியைத் தொடாமல் சொல்லத் தொடங்கினாள். வெளுப்புக் குட்டி எப்படிப் பிறக்கிறது, ஏன் சாகிறது, எதற்காகச் சாயம் பூசினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தோப்பிலிருந்து வந்த மாமனார் நாச்சிமுத்து தோளில் துண்டோடு தூணருகே நின்று கேட்டார். மருந்தடிக்கிற டேங்கைக் கழற்றி வைத்துவிட்டுப் பழனிக்குமாரும் வந்து நின்றான். "இந்தப் பிள்ள கையில ஒரு குத்தமும் இல்லம்மா. அவ நல்லாப் பாத்துக்கிட்டதாலதான் அது அம்புட்டு நாள் இருந்துச்சு. எங்க கிட்ட இருந்தா அதுக்கு முன்னாடியே போயிருக்கும். பாவம் எங்களச் சேரட்டும்" என்று முடித்தாள்.

சண்முகவள்ளியின் மடியிலிருந்து மக்காச்சோள மணிகள் இரண்டு மூன்று உருண்டு விழுந்தன. நாச்சிமுத்துதான் கேட்டார்.

"ஏனுங்க, இந்த முயலு வாங்கியாந்து மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. சாயம் அத்தன நாளைக்கு நிக்குமுங்களா? போன மாசங்கூடக் கரேல்னு இருந்துதே."

மரியசெல்வி இதை யோசித்து வரவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போதும் சரி, பஸ்ஸிலும் சரி, முதல் முயலைப் பற்றிச் சொல்லவேண்டும் என்பது மட்டும்தான் அவள் மனதில் இருந்தது. இவர்களுக்கு முயல் ஒன்றுதான் என்பது இப்போதுதான் உறைத்தது. அவள் உள்வாசலைப் பார்த்தாள்.

தமிழ்மதி வெளியே வந்தாள்.

"அது வேற முயலுங்க மாமா. மொதோ முயலு ஐப்பசியிலயே செத்துருச்சு. நாந்தான் இவங்க வீட்டுக்குப் போயி இன்னொண்ணு வரைஞ்சு வாங்கியாந்தேன்."

"தெரிஞ்சேவா?" என்றாள் சண்முகவள்ளி.

"தெரிஞ்சேதாங்க அத்த."

"அம்மா ஊட்டுக்குப் போறேன்னு போனயே, அன்னிக்கா?"

"ஆமாங்க."

சண்முகவள்ளி மடியை உதறிக்கொண்டு எழுந்தாள். "இத்தன நாளா எங்க கண்ணு முன்னால பொய்ய மடியில வெச்சுக் கொஞ்சிட்டு உக்காந்திருந்தயா நீ? நானும் அதுக்குப் பொட்டுக்கடலை வாங்கி வெச்சனே. கைதான் சரியில்லைன்னு நெனச்சேன், சாமி. நெஞ்சே சரியில்லயே."

"அம்மா, பயத்துல செஞ்சுட்டா. அதுவும் நாங்க..." என்று மரியசெல்வி எழுந்தாள்.

"நீங்க சித்த சும்மா இருங்க அம்மணி. நீங்க சாயம் பூசி வித்தீங்க, அது உங்க பொழப்பு. இவ எங்கூட்டுச் சோத்தத் தின்னவ."

பழனிக்குமார் மனைவியிடம், "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமல்லோ?" என்றான்.

"சொன்னா நீங்க அத்தகிட்டச் சொல்லியிருப்பீங்க."

பழனிக்குமார் தன் கையில் அப்பியிருந்த மருந்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்பாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "கொஞ்ச நாளைக்கு உங்கம்மா ஊட்டுல இருந்துட்டு வா மதி. எல்லாம் ஆறட்டும். தையில நானே வந்து கூட்டிக்கறேன்" என்றான். அவன் சொல்லி முடிக்குமுன்பே அவள் பையெடுக்க உள்ளே போய்விட்டாள். வெகுநாளாக மடித்தே வைத்திருந்தவள்போலச் சீக்கிரமே திரும்பி வந்தாள்.

பழனியில் ஏறிய பஸ்ஸில் இருவருக்கும் சேர்ந்தாற்போல இடம் கிடைத்தது. ஜன்னல் கண்ணாடி இறுகிப்போய் மூடவில்லை. சாரல் அடித்தது. மரியசெல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நல்லது செய்யப் போறேன்னு வந்து உன் வாழ்க்கையக் கெடுத்துட்டேனே தாயி. வராமயே இருந்திருக்கலாம்."

தமிழ்மதி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயக்குடிக் கொய்யாத் தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. அப்புறம் திரும்பினாள்.

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. பொய் சொன்னவன்னு சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. சொன்னேன்தான். பொய்ய நாளைக்கே நிறுத்திக்கலாம். கையத்தான் எங்கிட்டுப் போயி மாத்துறதுன்னு தெரியாம இருந்தேன். அது போச்சுல்ல. எனக்கு அது போதும்."

"வருவாரா அவரு?"

"தெரியலக்கா. அவங்க அம்மா போன்னு சொன்னா வருவாரு." சொல்லிவிட்டு மரியசெல்வியின் தோளில் சாய்ந்துகொண்டாள். ஒட்டன்சத்திரம் வருவதற்குள் தூங்கிப்போனாள். தூக்கத்தில் அவள் இரு கையும் மடியில் எதையோ பிடித்திருப்பதுபோல் குவிந்து இருந்தன. மரியசெல்வி அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பெலிக்ஸ் நின்றுகொண்டிருந்தான். நாச்சிமுத்து போன் போட்டுக் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார். பெலிக்ஸின் முகம் வெளிறிப் போயிருந்தது. தமிழ்மதியிடம், "சாப்ட்டியாம்மா?" என்றான்.

"இல்லண்ணே."

பக்கத்துக் கடையில் சூடாக இட்லி வாங்கிக் கொடுத்தான். மூவரும் தகரக்கூரைக்கு அடியில் நின்றே சாப்பிட்டார்கள். பெலிக்ஸ் எதுவோ சொல்ல வருவதும், இட்லியைப் பிட்டு வாயில் வைத்துக்கொள்வதுமாக இருந்தான்.

"எங்களாலதாம்மா" என்றான் கடைசியில்.

தமிழ்மதி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "மொத முயலு ரொம்ப நல்ல முயலுண்ணே" என்றாள். "கூப்ட்டா வரும்."

கொடைரோடு வழியாகப் போகிற மதுரை வண்டி வந்தது. ஏறி, பையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். வண்டி நகரும்போது கையசைக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

தை பிறந்தது. பழனிக்குமார் வரவில்லை. மாசியில் ஒருநாள் வந்ததாகவும், அவள் அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லிப் போனதாகவும் மரியசெல்விக்குப் பிற்பாடு போனில் தெரிந்தது. தமிழ்மதி நிலக்கோட்டையில் ஒரு பூக்கடைக்கு மாலை கட்டப் போய்க்கொண்டிருந்தாள். அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு அவர்கள் வீடு திரும்பும்போது லேசான தூறல். பெலிக்ஸ் மெதுவாக ஓட்டினான். பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, அவன் தோளைப் பிடித்திருந்தாள் மரியசெல்வி. தாடிக்கொம்புக் கோயில் கோபுரம் மழை மங்கலில் தெரிந்தது.

"இனிமே நான் வரைய மாட்டேன்" என்றாள்.

"தெரியும்."

"கறுப்புக் கடா ஒண்ணு பாருங்க. டாக்டரு சொன்ன மாதிரி."

"பாக்கலாம்."

வண்டி பாலம் ஏறியது. கீழே குடகனாறு செம்மண் நிறத்தில் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பாலத்து நடுவில் வண்டியின் வேகத்தைக் குறைத்து, திரும்பிப் பார்க்காமலே பெலிக்ஸ் சொன்னான்.

"மத்தியானம் கரூர்ல இருந்து ஒருத்தரு பேசுனாரு. பிள்ளைங்களுக்குக் கிறிஸ்துமஸுக்குப் புள்ளி முயலு வேணுமாம். ரெண்டு."

"நல்ல புள்ளி ஒண்ணும் விக்கிற பருவத்துல இல்லையே. எல்லாம் பால்குடில்ல."

"ம்."

"என்ன சொன்னீங்க?"

தூறல் கொஞ்சம் வலுத்தது. பெலிக்ஸ் முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

"இருக்குன்னு சொன்னேன்."

மரியசெல்வி அவன் தோளிலிருந்து கையை எடுத்து, வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.